அய்யா வைகுண்டர்

அய்யா வைகுண்டர் (1809 - சூன் 2, 1851), திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழ்ந்த சமயத் தலைவரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். அய்யாவழி இவரிடமிருந்தே தோன்றியது. அய்யாவழியினர் இவரை நாராயணரின் அவதாரமாக வழிபடுகின்றனர். வரலாற்றாய்வாளர்கள் இவரை, சாதிக் கொடுமையால் நலிந்த மக்களுக்குத் தன்மதிப்பை மீட்டுத் தந்த தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவராகக் காண்கின்றனர். தலைப்பாகை, நெற்றி நாமம், நிலைக்கண்ணாடி, இசையோடு வாசிக்கப்படும் ஏடு ஆகியவை இவர் வழியில் வந்த வழிபாட்டின் தனித்த கூறுகளாகும்.

காலச் சூழல்

தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு, பழையாற்றுப் பாசனத்தால் நெல் விளைந்த பூமி. வயல்களும் கோயில்களும் உயர்சாதியினர் கையில் இருந்தன. தெற்கே கடலை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில், அக்காலத்தில் சாணார் என அழைக்கப்பட்ட நாடார் மக்கள் பனையேறி வாழ்ந்தனர். அவர்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் ஆடை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பொன் நகை பூணலாகாது, பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துத் தண்ணீர் சுமக்கவும் கூடாது. தலைவரி செலுத்தியதோடு, ஊழியம் என்ற பெயரில் கூலியின்றி அரசுக்கும் உழைக்க வேண்டியிருந்தது. (மார்பை மறைப்பதற்கென்றே முலைவரி விதிக்கப்பட்டது என்னும் செய்தி இன்று பரவலாக உள்ளது. அது பெண்களுக்குரிய தலைவரியின் பெயரே என்று கருதும் ஆய்வாளர்களும் உளர்.)

பெண்களின் மேலாடையை முன்னிட்டு 1822-23, 1827-30, 1858-59 ஆகிய ஆண்டுகளில் கலவரங்கள் மூண்டன. இவற்றுள் இரண்டாவது நிகழ்ந்தபோது வைகுண்டர் இருபது வயதைத் தொட்டிருந்த இளைஞர். இக்கொடுமைகளின் குறி முழுவதும் உடலே என்பதைக் கவனிக்க வேண்டும். எதை மூடலாம், எதை மூடலாகாது, எதைத் தலையில் வைக்கலாம் என்று பிறர் வகுத்த விதிகளுக்குள் வளர்ந்த ஒருவர், தம் உடலையே இழிவாகக் கருதப் பழகுவது இயல்பு.

பிறப்பும் பெயரும்

நாகர்கோயிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே உள்ள பூவண்டன்தோப்பு என்னும் சிற்றூரில் பொன்னுமாடன், வெயிலாள் இணையருக்கு இவர் பிறந்தார். அவ்வூர் இன்று சுவாமித்தோப்பு எனப்படுகிறது. பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த குழந்தைக்கு முடியோடு கூடிய பெயரா என உயர்சாதியினர் எதிர்க்கவே, முத்துக்குட்டி எனப் பெயர் மாற்றப்பட்டது. ஒரு பனையேறியின் பிள்ளையுடைய பெயரில்கூட மணிமுடி இருக்கலாகாது என்பது அக்கால நிலை. பின்னாளில் இவர் வழிவந்தோர் தலைப்பாகைக்குத் தரும் முதன்மையை இந்நிகழ்ச்சியோடு சேர்த்தே புரிந்துகொள்ளுதல் நன்று.

நோயும் திருச்செந்தூர்ப் பயணமும்

முத்துக்குட்டி தம் இருபத்திரண்டாம் வயது முதல் கடும் நோயால் துன்புற்றார் என்று அய்யாவழி மரபு கூறுகிறது. 1833ஆம் ஆண்டு மாசித் திருவிழாவின்போது உறவினர்கள் அவரைத் திருச்செந்தூருக்குச் சுமந்து சென்றனர். அங்கே அவர் கடலுக்குள் சென்று மறைந்ததாகவும், மூன்றாம் நாள் நோய் நீங்கி வைகுண்டராக வெளிவந்ததாகவும் நம்பப்படுகிறது. அந்நாள் கொல்லம் ஆண்டு 1008, மாசி 20 ஆகும்.

ஊர் திரும்பியபின் ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழியிலும், அடுத்த இரண்டு ஆண்டுகள் சமநிலத்திலும், இறுதி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த இருக்கையிலும் தவம் நிகழ்ந்தது என்பர். நோயாளிகள் அவரை நாடி வரத் தொடங்கினர். அவர் கொடுத்த மருந்து மண்ணும் தண்ணீருமே. வைத்தியருக்குக் கொடுக்கப் பொருளும், கோயிலுக்குள் நுழைய உரிமையும் இல்லாதவர்களுக்கு இது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பது ஊகிக்கத்தக்கதே. நோய்தீர்ப்பு பற்றிய செய்திகள் நம்பிக்கை சார்ந்தவை. எனினும் பெருங்கூட்டம் கூடியது என்பதில் ஐயமில்லை. 1840களில் இலண்டன் மிசன் சங்கத்தாரின் அறிக்கைகள் இவ்வியக்கத்தைத் தம் பணிக்குத் தடையாகக் குறிப்பிடும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது.

சிறை

பல சாதியினர் ஓரிடத்தில் கூடுவதையும், இவர் அரசைக் குறை கூறுவதையும் உயர்சாதியினர் மன்னர் சுவாதித் திருநாளிடம் முறையிட்டனர். மன்னரின் ஆணைப்படி இவர் கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாட்கள் அடைக்கப்பட்டார். 1839 மாசியில் விடுதலையாகிச் சுவாமித்தோப்புக்குத் திரும்பினார்.

துவையல் தவசும் முத்திரிக்கிணறும்

விடுதலைக்குப் பின் எழுநூறு குடும்பத்தினரைக் கடற்கரையை அடுத்த வாகைப்பதிக்கு அனுப்பித் துவையல் தவசு என்னும் நோன்பை மேற்கொள்ளச் செய்தார். நாள்தோறும் குளித்துத் துணியைத் துவைத்து உடுத்தி, எளிய உணவை உண்டு, கூட்டாக வாழ்தல் இந்நோன்பின் நெறி. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவர்கள், தம் தூய்மையைப் பிறர் சான்று தரவேண்டியதில்லை என்று தாமே அறிந்துகொள்ளும் பயிற்சியாக இது அமைந்தது. சுவாமித்தோப்பில் உள்ள முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியினரும் ஒன்றாக நீர் எடுத்தனர். பொதுக்கிணற்றை நெருங்கவும் இயலாத காலத்தில் நடந்தது இது.

தலைப்பாகை, நாமம், கண்ணாடி

அரசர்க்கும் உயர்குடியினர்க்கும் உரியதாக இருந்த தலைப்பாகையை அணிந்தே ஆண்கள் பதிக்குள் வழிபட வேண்டும் என்பது அய்யாவழி மரபு. பிறரைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்க வேண்டியிருந்த மக்கள், இறைவன் முன்னிலையில் தலைமூடி நின்றனர். நெற்றியில் சுடர் வடிவில் வெண்ணிற நாமம் இடப்படுகிறது.

பள்ளியறையில் சிலை இல்லை. நிலைக்கண்ணாடி ஒன்றும் அதன் இருபுறமும் விளக்குகளும் உள்ளன. வழிபட வந்தவர் தம் உருவத்தையே அங்குக் காண்கிறார். இறைவன் தம்முள் உறைகிறான் என்பதே இதன் பொருள் எனக் கொள்வர். உயிர்ப்பலியும் இங்கு விலக்கப்பட்டது. கேரளத்தில் நாராயண குரு களவங்கோட்டில் கண்ணாடியை நிறுவியது 1927இல் ஆகும். ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்று உறுதியாகக் கூற இயலாது.

அகிலத்திரட்டு அம்மானை

வைகுண்டரின் சீடர் ஐவருள் ஒருவரான அரிகோபாலன் சீடர், கொல்லம் ஆண்டு 1016இல் (1840-41) அகிலத்திரட்டு அம்மானையை ஏட்டில் எழுதினார். பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளைக் கொண்ட இந்நூல் 1939இல் அச்சேறியது. பனையேறிகளின் கதை, அவர்கள் நாளும் ஏறிய மரத்தின் ஓலையிலேயே பதிவாயிற்று. இந்நூல் அம்மக்களைச் சாணார் என்ற இழிவழக்கினின்று விலக்கிச் சான்றோர் என்று அழைக்கிறது. யுகங்களின் வரலாற்றுக்குள் அவர்களின் துயரத்தை வைத்து, அத்துயரத்துக்குக் காரணம் அவர்களின் பிறப்பன்று, கலியின் கொடுமை எனக் காட்டுகிறது.

சுவாமித்தோப்பில் கார்த்திகை மாதத்தில் பதினேழு நாட்கள் திருஏடு வாசிப்பு நடைபெறுகிறது. ஒருவர் இராகத்தோடு வாசிக்க, பொருள் விளக்கப்படும். எழுத்தறியாதவரும் கேட்டு மனத்தில் கொள்வர். கலைவழிச் சிகிச்சை என்ற பெயரை, காசநோய் விடுதியில் ஓவியம் தீட்டி ஆறுதல் கண்ட ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில் 1942இல் வழங்கினார். அப்பெயரைச் சுவாமித்தோப்பின்மேல் ஏற்றுவது மிகையே. ஆயினும் அவமானப்பட்ட ஒரு கூட்டம் தன் கதையைத் தன் மொழியில், தன் இசையில், ஆண்டுதோறும் கூடியிருந்து கேட்பதை வெறும் சடங்கென ஒதுக்கிவிட இயலாது.

மறைவும் பின்னரும்

வைகுண்டர் 1851 சூன் 2 அன்று மறைந்தார். அவர் உடல் அடக்கம் செய்யப்பட்ட இடத்திலேயே சுவாமித்தோப்புப் பதி எழுந்தது. முட்டப்பதி, தாமரைகுளம் பதி, அம்பலப்பதி, பூப்பதி ஆகியவை ஏனைய முதன்மைப் பதிகள். சிற்றூர்களில் அமைந்த வழிபாட்டிடங்கள் நிழல் தாங்கல்கள் எனப்படுகின்றன. தாம் எதிர்த்த கொடுமைகள் ஒழிந்ததை அவர் காணவில்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிப்பு 1855இல் வந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணிய இசைந்த அரச ஆணை 1859 சூலையில் வெளியாயிற்று.

வைகுண்டர் அவதார தினமான மாசி 20 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அளிக்கப்படுகிறது. அன்று நாகர்கோயிலிலிருந்து சுவாமித்தோப்பு வரை, அகிலத்திரட்டு ஏட்டை வாகனத்தில் ஏந்தி, தலைப்பாகை அணிந்த மக்கள் ஊர்வலமாகச் செல்கின்றனர்.