மன்னர் அழைத்தும் போகாத ரூசோ

பிரான்சு நாட்டில் 1789-ம் ஆண்டு பெரும் புரட்சி மூண்டது. மன்னர் ஆட்சி ஆட்டம் கண்டது. அந்தப் புரட்சிக்கு வித்திட்ட எழுத்தாளர்களில் ஒருவர், ரூசோ.

எல்லா அதிகாரமும் மக்களுடையதே என்று எழுதியவர் அவர். குழந்தைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்றும் நூல் எழுதினார். அவருடைய பெயர் ஐரோப்பா முழுவதும் பரவி இருந்தது.

இவ்வளவு புகழ் பெற்றவரை ஒரு நோய் ஆயுள் முழுவதும் வாட்டியது. வெளியே சொல்ல வெட்கப்படும் நோய். அதுதான் சிறுநீர்த் தொல்லை!

சிறுநீர் சரியாகப் பிரியாது. ஆனால் போக வேண்டும், போக வேண்டும் என்ற உணர்ச்சி மட்டும் அடிக்கடி வரும். நாலு பேர் கூடும் இடத்துக்குப் போகவே அவர் அஞ்சினார்.

அந்த நோய்க்குக் காரணம் உடம்பா, மனமா? அவர் இறந்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் டாக்டர்கள் இதைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

தாய் இல்லாப் பிள்ளை

சுவிட்சர்லாந்தில் உள்ள ஜெனீவா நகரில், 1712-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி ரூசோ பிறந்தார். தந்தை கடிகாரம் செய்யும் தொழிலாளி. குழந்தை பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துவிட்டார். குழந்தையும் பிழைக்குமா என்பது சந்தேகமாக இருந்தது. அத்தை ஒருத்தி எடுத்து வளர்த்தார்.

தந்தைக்கு மகன் மீது மிகுந்த பாசம். ஆனால் மகனைப் பார்க்கும்போதெல்லாம் இறந்த மனைவியின் நினைவு வந்துவிடும். மகனைக் கட்டிக்கொண்டு அழுவார். மகனும் சேர்ந்து அழுவான். தன்னால்தான் தாய் இறந்தாள் என்ற எண்ணம் அந்தப் பிஞ்சு மனத்தில் பதிந்துவிட்டது.

ரூசோவுக்கு 10 வயதாக இருக்கும்போது, தந்தை ஒருவருடன் சண்டை போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டார். ரூசோவை ஒரு பாதிரியார் வீட்டில் தங்க வைத்தார்கள்.

அங்கே ஒரு நாள், ஒரு சீப்பின் பற்கள் உடைந்து கிடந்தன. பழி ரூசோ மீது விழுந்தது. தான் உடைக்கவில்லை என்று அவன் சொன்னான். யாரும் நம்பவில்லை. அடி பின்னி எடுத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு வயதைக் கடந்த பிறகு அந்த நிகழ்ச்சியை எழுதினார், ரூசோ. அப்போதும் அவருக்கு நாடி படபடத்தது.

மூடிய கோட்டைக் கதவு

பிறகு, உலோகத்தில் எழுத்தும் சித்திரமும் வெட்டும் தொழிலாளி ஒருவரிடம் வேலை பழக விட்டார்கள். அவர் முரடர். அங்கும் அடி, உதைதான்.

1728-ம் ஆண்டு. ரூசோவுக்கு அப்போது 15 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே உலாவப் போனார். திரும்பி வருவதற்குள் நகரத்தின் கோட்டைக் கதவை மூடிவிட்டார்கள். இதற்கு முன் 2 முறை இப்படித் தாமதமாகி, எஜமானரிடம் தண்டனை பெற்றிருந்தார். இனி திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்தார். அன்று ஊரை விட்டுப் போனவர், பல ஊர்களில் அலைந்து திரிந்தார்.

வாரென்ஸ் சீமாட்டி என்பவர் அவருக்கு ஆதரவு கொடுத்தார். அவரை அம்மா என்றே ரூசோ அழைத்தார்.

6 மாதக் கெடு

1742-ம் ஆண்டு ரூசோ பாரீஸ் நகருக்கு வந்தார். தெரேசா என்ற ஏழைப் பெண்ணுடன் குடும்பம் நடத்தினார். 5 குழந்தைகள் பிறந்தன. ஐந்தையும் அனாதை இல்லத்தில் சேர்த்துவிட்டார். குழந்தை வளர்ப்பு பற்றி எழுதியவர் செய்த இந்தக் காரியத்தை உலகம் மன்னிக்கவில்லை. அவருடைய மனமும் பிற்காலத்தில் அவரைக் குத்தியது.

சிறு வயது முதலே இருந்துவந்த சிறுநீர்த் தொல்லை, 30 வயதுக்குப் பிறகு கடுமையாகியது. பல டாக்டர்கள் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறது என்ற பயம் ரூசோவைப் பிடித்துக்கொண்டது. கல்லடைப்பினால் துடிதுடித்துச் சாகப்போகிறோம் என்று நினைத்தார். அவர் 6 மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதாகவும் காதில் விழுந்தது.

சாகப்போகிறவனுக்குப் பணம் எதற்கு என்று, பார்த்துவந்த நல்ல உத்தியோகத்தை விட்டார். இசைக் குறிப்புகளை நகல் எடுத்துக் கொடுத்துப் பிழைத்தார்.

சிறுநீர் இறங்குவதற்காக, மெல்லிய குழாய்களைத் தாமே செலுத்திக்கொள்வது உண்டு. அவற்றைச் செய்து விற்றவர் டரான் என்ற மருத்துவர். அவர் திடீரென்று இறந்துபோனால் குழாய்க்கு என்ன செய்வது? இந்தப் பயத்தினால் ஏராளமாக வாங்கிச் சேர்த்தார். அவற்றுக்கு அவர் செலவிட்ட தொகை சுமார் 50 பொற்காசுகள்.

அரண்மனை அழைப்பு

1752-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி. ரூசோ எழுதி இசையமைத்த நாடகம் ஒன்று, பிரான்சு மன்னர் 15-ம் லூயி முன்னிலையில் நடந்தது. மன்னர் சொக்கிப்போனார். மறுநாள் முழுவதும் அதில் வந்த பாட்டையே பாடிக்கொண்டு இருந்தார்.

மறுநாள் அரண்மனைக்கு வந்து மன்னரைப் பார்க்கும்படி ரூசோவுக்கு அழைப்பு வந்தது. ஆண்டுதோறும் உதவித் தொகை கிடைக்கும் என்றும் பேசிக்கொண்டார்கள். வறுமையில் வாடியவருக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு!

ஆனால் ரூசோ அன்று இரவு தூங்கவில்லை. அவர் மனத்தில் எழுந்த முதல் எண்ணம், சிறுநீர்த் தொல்லை பற்றியதுதான். நாடகம் நடந்தபோதே அது அவரைப் பாடாய்ப் படுத்தியது. பிரபுக்கள் சூழ்ந்து நிற்க, மன்னர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வந்துவிட்டால்? மன்னர் முன் பேச நா எழாவிட்டால்? உதவித் தொகை வாங்கிவிட்டால் சுதந்திரமாக எழுத முடியுமா என்ற யோசனையும் இருந்தது.

பொழுது விடிந்ததும், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஊரை விட்டே புறப்பட்டுவிட்டார். அவருடைய நண்பர்களே அவரைக் கடிந்துகொண்டார்கள்.

துறவியின் சோதனை

ரூசோவுக்கு 50 வயது நெருங்கும் சமயம். அவர் மீது அன்பு கொண்ட லக்சம்பர்க் பிரபு, கோம் என்ற துறவியை அழைத்து வந்தார். கல்லடைப்பு ஆபரேஷனில் அந்தத் துறவி பெயர் பெற்றவர்.

சோதனை 2 மணி நேரத்துக்கு மேல் நடந்தது. வலி உயிர் போயிற்று. பக்கத்தில் நின்ற பிரபு வருந்துவாரே என்று, ரூசோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

முதலில், கல் இருப்பதாகக் கோம் நினைத்தார். மீண்டும் மீண்டும் சோதித்தார். கடைசியில் முடிவைச் சொன்னார். கல் இல்லை. பிராஸ்டேட் சுரப்பிதான் வீங்கி இருக்கிறது. தொல்லை இருக்கும், ஆனால் ஆயுள் கெட்டி!

ரூசோவின் மனத்தில் இருந்த பெரிய பாரம் இறங்கியது. இல்லாத நோய்க்கு இத்தனை ஆண்டுகள் வைத்தியம் செய்துகொண்டோமே என்று நினைத்தார். கற்பனையில் இருந்த நோய்தான் உண்மை நோயைவிட அதிகமாக வதைத்தது என்பது அவருக்குப் புரிந்தது. புதிய மருந்து எதுவும் சாப்பிடவில்லை. ஆனாலும், அதன்பின் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஊர் ஊராக ஓட்டம்

1762-ம் ஆண்டு அவருடைய நூல்களுக்குத் தடை வந்தது. பாரீசிலும் ஜெனீவாவிலும் அவற்றை எரித்தார்கள். கைதுக்குத் தப்பி, மோட்டியே என்ற மலைக் கிராமத்தில் தங்கினார்.

நோய்க்கு வசதியாக, கால்சட்டையை விட்டுவிட்டு, ஆர்மீனிய நாட்டாரைப்போல நீண்ட அங்கி அணிந்தார். ஊரார் கேலி செய்தார்கள். 1765-ம் ஆண்டு செப்டம்பரில், இரவு நேரத்தில் அவர் வீட்டின் மீது கற்களை வீசினார்கள். அங்கிருந்தும் ஓடினார். இங்கிலாந்துக்குப் போனார். எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று அஞ்சினார். 1770-ம் ஆண்டு பாரீஸ் திரும்பினார். செடி, கொடிகளைத் தேடி ஆராய்வதில் ஓரளவு அமைதி கண்டார்.

1778-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி, எர்மனோன்வில் என்ற ஊரில் திடீரென்று இறந்தார். வயது 66.

உடலில் கண்டது என்ன?

தம் நோய்க்குக் காரணம் என்ன என்று உடலை அறுத்துப் பார்க்க வேண்டும் என்பது ரூசோவின் ஆசை. 1763-ம் ஆண்டு எழுதிய உயிலிலேயே இதைக் கூறி இருந்தார். அதன்படி, மறுநாள் டாக்டர்கள் உடலைச் சோதித்தார்கள்.

சிறுநீரகத்தில் கோளாறு இல்லை. சிறுநீர்ப்பையில் கோளாறு இல்லை. சிறுநீர் வரும் பாதையிலும் இல்லை. டாக்டர்கள் வியப்பு அடைந்தார்கள். ஒன்று, சிறுநீர்ப்பையின் வாய்ப் பகுதி இறுகி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அல்லது, முன்பு வீங்கி இருந்த பிராஸ்டேட் முதுமையில் சுருங்கி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள்.

ரூசோவுக்கு வந்தது வேறு நோயாக இருக்கலாம் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. 200 ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் நோயை இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மனத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் தொடர்பு உண்டு என்பதை இன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்கிறது.

பயமும் சிறுநீர்ப்பையும்

சிறுநீரைத் தேக்கி வைப்பதும் வெளியே விடுவதும் மூளையின் கட்டளைப்படி நடக்கின்றன. மூளையில் இருந்து முதுகுத் தண்டு வழியாக நரம்புகள் செய்தி கொண்டுபோகின்றன. பயமும் கவலையும் அந்தச் செய்திகளைக் குழப்பக்கூடும். சிலருக்குச் சிறுநீர்ப்பை பாதி நிறையும் முன்பே அவசரம் வரும். சிலருக்கு அடிவயிற்றின் கீழ்த் தசைகள் இறுகிக்கொண்டு, சிறுநீர் பிரியாமல் முட்டும். தொல்லையால் கவலை வளரும். கவலையால் தொல்லை வளரும்.

சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்கள், போர்முனையில் பயங்கரங்களைக் கண்டவர்கள் ஆகியோரிடையே இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. அது பொய்யும் அல்ல; நடிப்பும் அல்ல. வலி உண்மையானது.

அதற்காக, எல்லாம் மனக் கவலைதான் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கிருமி, கல், சர்க்கரை நோய், பிராஸ்டேட் வீக்கம் ஆகியவை உண்டா என்று டாக்டரிடம் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். சிறுநீரில் ரத்தம் வந்தாலும், சிறுநீர் அடியோடு நின்றுவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கோளாறு எதுவும் தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம். நேரம் வைத்துச் சிறுநீர் கழிக்கும் பழக்கமும், தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும், மனநல டாக்டரின் ஆலோசனையும் பலருக்கு நல்ல பலன் தருகின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பயந்துபோன குழந்தை படுக்கையை நனைத்தால் அடிக்கக் கூடாது. அடிக்கடி எழுந்து போகிறவர்களைக் கேலி செய்யக் கூடாது. என்ன கவலை என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ரூசோ தம் நோயை மறைத்துக்கொண்டு பல ஆண்டுகள் தவித்தார். கடைசியில், தம் வாழ்க்கை வரலாற்றில் எல்லாவற்றையும் ஒளிவு மறைவு இல்லாமல் எழுதிவிட்டார். அவர் இறந்த பிறகுதான் அந்த நூல் வெளிவந்தது. 1794-ம் ஆண்டு, புரட்சி அரசு அவருடைய உடலைப் பாரீசுக்குக் கொண்டு வந்து, நாட்டின் பெரியோர்களை அடக்கம் செய்யும் பாந்தியான் மண்டபத்தில் வைத்தது.