வில்லிஸ் காரியர் சரிதம்

சித்திரை வைகாசித் திங்கள்களில் கள்ளக்குறிச்சியில் வாழ்வார்க்கு மேற்றிசையில் நீலநிறமாய்த் தோன்றும் கல்வராயன் மலையை நோக்கிப் பெருமூச்செறிதல் இயல்பு. ஆயிரம் மீட்டர் உயர ஏறின் காற்றின் வெம்மை ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். ஆதலின், கீழே நாம் விசிறியுங் கையுமாய்ப் புரளும் இரவுகளில் வெள்ளிமலையில் உள்ளார் போர்வையை நாடுவர். மலைக்குச் செல்லமாட்டாதார் மலையின் குளிர்ச்சியைத் தம் அறைக்கே வருவித்துக்கொள்ளுதல் இக்காலத்திற் கூடுவதாயிற்று. அதற்கு வழிகோலியவர் வில்லிஸ் காரியர் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர்.

இவர் 1876ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் நியூயார்க் மாகாணத்தில் அங்கோலா என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடியிற் பிறந்தார். நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பெற்றதும் 2019ஆம் ஆண்டின் அதே நவம்பர் 26ஆம் நாளே. இஃது இயல்பாய் நேர்ந்த ஒற்றுமையேயாயினும், குறியாது செல்ல மனம் ஒருப்படவில்லை. இளமையிற் பின்னக் கணக்கு இவருக்கு விளங்கிற்றில்லை. அன்னையார் நிலவறையிலிருந்து ஆப்பிட் பழங்களைக் கொணரச் செய்து, அவற்றைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் அரிந்து, கூட்டியும் கழித்தும் காட்டினார். எத்துணைப் பெரிய சிக்கலையும் சிறு துண்டுகளாக்கிக் காணும் வழக்கம் அன்று தொடங்கியது. அவ்வன்னையாரை இவர் தம் பதினோராம் வயதில் இழந்தார். பொருள் முட்டுப்பாட்டாற் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராயிருந்து, பின்னர்க் கார்னெல் பல்கலைக்கழகஞ் சேர்ந்து, 1901இற் பட்டம் பெற்றுப் பபலோ நகரத்து இயந்திரத் தொழிற்சாலையொன்றில் அமர்ந்தார். வாரம் பத்து டாலரே ஊதியம்.

மறு ஆண்டே புரூக்லின் நகரத்து அச்சுக்கூடத்தார் ஒரு குறையோடு வந்தனர். வண்ணப் படங்களை ஒவ்வொரு நிறமாக அச்சிடுவது அவர் வழக்கம். மழைக்கால ஈரத்தாற் காகிதம் விரியும், உலர்ந்தாற் சுருங்கும். மஞ்சள் விழுந்த இடத்திற் சிவப்பு விழாது, படங்கள் பாழாயின. இங்கு நோக்கத்தக்கது, அவர்கள் வேண்டியது மக்களின் சுகமன்று, காகிதத்தின் சுகமே. காரியர் குளிர்நீர் ஓடுங் குழாய்ச்சுருள்களின் வழியே காற்றைச் செலுத்தி, அதிலுள்ள ஈரத்தைச் சுருளின்மீது நீராய்ப் படியச்செய்து, ஈரப்பதத்தை நூற்றுக்கு ஐம்பத்தைந்தாக நிறுத்தத் திட்டமிட்டார். அதன் வரைபடங்கள் 1902 ஜூலை 17ஆம் நாளிட்டவை.

ஆயினும் இவர் உள்ளம் அமைதியுறவில்லை. அவ்வாண்டின் இறுதியிற் பிட்ஸ்பர்க் நகரத்துப் புகைவண்டி மேடையில் நின்றபோது, எங்குஞ் சூழ்ந்த மூடுபனி இவர் கருத்தைக் கவர்ந்தது. கல்வராயன் மலையில் மார்கழி விடியலில் நடந்தார் எவரும் அம்மூட்டத்தைக் கண்டிருப்பர், முகமெல்லாம் நனையும். ஆனால் காற்று நிரம்பக் குளிர்ந்திருப்பின் அது தாங்கிய நீர் மிகச் சிறிதே. அதனைச் சற்றே வெதுப்பின் அது வறண்ட காற்றாகிவிடும். ஆதலின், காற்றை வேண்டிய குளிர்ச்சியுள்ள நீர்த்திவலைகளினூடே செலுத்தின், எவ்வளவு ஈரம் எஞ்சுதல் வேண்டுமோ அவ்வளவே எஞ்சும். நீரைக் கொண்டே காற்றை உலர்த்துவதென்பது கேட்போர்க்கு நகைப்பாயிருத்தல் கூடும். 1906இல் இவ்வமைப்பிற்குக் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டே ஜப்பானில் யோகோஹாமாவிலிருந்த பட்டாலை ஒன்று இதனை ஏற்றது. வறண்ட காற்றில் நூலிழை அறும் என்பதை ஆலைத் தொழிலாளர் நன்கறிவர். வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் உள்ள தொடர்பைச் சூத்திரங்களாக்கி 1911இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் இவர் வெளியிட்ட கட்டுரை அத்துறைக்கு மூலநூலாயிற்று.

புகழ் வளர்ந்த வேளையிலேயே இடி விழுந்தது. 1914இல் ஐரோப்பியப் போர் மூண்டதும், தொழிற்சாலையார் இவருடைய பிரிவை மூடத் துணிந்தனர். இரண்டாண்டுகட்கு முன்னரே முதல் மனைவியாரை இழந்திருந்தவர் இவர். பிறரிடம் பணிந்து வேறு வேலை தேடியிருக்கலாம். அங்ஙனஞ் செய்யாது, நண்பர் அறுவரோடு கூடி, 32,600 டாலர் திரட்டி, 1915இற் சொந்த நிறுவனந் தொடங்கினார். எழுவரும் குடும்பச் சேமிப்பைப் பணயம் வைத்தனரென்றே சொல்லல் வேண்டும்.

அக்காலக் குளிர்ப்பொறிகளில் ஓடியது அம்மோனியா. அது கசியின் உயிருக்கு ஊறு. மக்கள் நெருங்கியிருக்கும் மன்றங்களில் அதனை வைக்க அஞ்சினர். காரியர் 1922இல் அபாயங் குறைந்த திரவத்தால் இயங்குஞ் சுழல் அமுக்கியை அமைத்தார். 1925இல் நியூயார்க் ரிவோலி படமாளிகையில் அதனை நிறுவியபோது, வந்தவர் எல்லாரும் முன்னெச்சரிக்கையாய்க் கைவிசிறி கொணர்ந்திருந்தனர். பொறி தொடங்கத் தாமதமாயிற்று. காரியரும் தோழரும் நெஞ்சு பதைத்து நின்றனர். சிறிது சிறிதாக விசிறிகள் மடிமீது தாழ்ந்தன. அதன்பின் கோடையிற் படமாளிகைகள் நிரம்பலாயின. பின்வந்த பொருளாதார மந்தத்தின் இடர்களையுந் தாங்கி, 1950 அக்டோபர் 7ஆம் நாள் இவர் காலமானார்.

வீட்டுச் சுவரில் இன்று மாட்டும் இருகூற்றுப் பொறி இவர் செய்ததன்று. அது 1961இல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. ஆனால் தத்துவம் பழையதே. உள்ளே குளிர்ச்சுருள், வெளியே அமுக்கி, இடையே இரு தாமிரக் குழாய்கள். ஓட்டத்தைத் திருப்பும் அடைப்பான் உள்ள வகை அறையை வெதுப்பவுஞ் செய்யும். வெள்ளிமலையார்க்கன்றி நமக்கு அது வேண்டா. குழாய்களைப் பூட்டியபின் உள்ளிருக்குங் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் முற்றும் வாங்கிய பிறகே குளிர்வாயுவைத் திறத்தல் வேண்டும். விரைந்து முடிக்க எண்ணுவார் இதனையே விட்டுவிடுகின்றனர். வெளிப்பொறிக்குக் காற்றோட்டம் இன்றியமையாதது. கரும்பு வண்டிகள் புழுதி கிளப்பும் நம் சாலையோரங்களில் உள்வலையை இரு வாரத்திற்கு ஒருமுறையேனுங் கழுவுக.

எம் வீட்டிற் பொறி மாட்டிய பத்தாம் நாளே சுவர் ஊறி வண்ணம் உரிந்தது. பொறி பழுதென்று யாம் வீணே சினந்தோம். பின்வந்த முதிய தொழிலாளி, வடிகுழாய் வெளிநோக்கிச் சரியாது உள்நோக்கித் தாழ்ந்திருத்தலைக் கண்டு, இரண்டு விரற்கடை இறக்கிக் கட்டினார். புரூக்லின் அச்சுக்கூடத்திற் சுருளின்மேற் படிந்த அதே ஈரம் இப்போது எம் கொல்லையிற் செம்பருத்தியின் வேரிற் சொட்டுகின்றது.