சாங் சியன்: தோற்ற தூதும் திறந்த வழியும்

கி.மு. 138 அளவில் ஹான் பேரரசர் வூ, சியோங்நு நாடோடியரை எதிர்க்க யூச்சி மக்களின் துணை நாடி, சாங் சியனை நூற்றுக்கும் மேற்பட்டோருடன் மேற்கே அனுப்பினார். இடைவழியில் சியோங்நுவிடம் சிறைப்பட்ட அவர், பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்து, மணம்புரிந்து மகனையும் பெற்றார். எனினும் தூதுக்கோலைக் கைவிடவில்லை. தப்பிப் பெர்கானா வழியாக யூச்சியரை அடைந்தபோது, வளநிலத்தில் குடியமர்ந்திருந்த அவர்கள் போரை விரும்பவில்லை. 13 ஆண்டுகளுக்குப்பின் அக்குழுவில் நாடு மீண்டோர் அவரும் கான் பூவும் ஆகிய இருவரே.

தூதின் நோக்கம் நிறைவேறவில்லை. அவர் கொணர்ந்த செய்திகளே நிலைத்தன. பாக்திரியாவில் தென்மேற்குச் சீனத்து மூங்கிற்கோல்களையும் சூ நாட்டுத் துணியையும் அவர் கண்டார். தம் வணிகர் இந்தியாவில் வாங்கியவை அவை என அந்நாட்டார் கூறினர். அரசு அறியுமுன்னரே வணிகர் கண்டத்தைக் கடந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. ஆயின் அவ்விந்திய வழியைத் திறக்க ஹான் அரசு மேற்கொண்ட முயற்சிகள் பலிக்கவில்லை.

பின்னர் ஊசுன் நாட்டிற்கு 300 பேருடனும் பொன், பட்டுடனும் சென்ற அவர், அங்கிருந்து துணைத்தூதரைப் பல நாடுகளுக்கும் அனுப்பினார். அவர்கள் அந்நாட்டாரை உடனழைத்துத் திரும்பியபோது சாங் சியன் உயிரோடில்லை. ஆதலின் அவரைப் பட்டுவழியைக் கண்டறிந்தவர் என்பதினும், வணிகர் வழியை அரசுவழியாக்கியவர் என்பதே பொருந்தும்.