வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் ஒரு பெரிய டீமை அண்ணா நடத்தியது எப்படி?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் ஒரு பட்டுச் சேலைத் தொழில் நடக்குதுன்னு வைங்க. ஐந்து பேர் இருக்கும்வரை ஒரே வாட்ஸ்அப் குரூப் போதும். இருபத்தைந்து பேர் ஆனதும், எந்தத் தறியில் எந்தச் சேலை, பார்டர் கலரை மாத்தச் சொன்னது யார் என்பதெல்லாம் குட் மார்னிங் மெசேஜ்களுக்கு நடுவே காணாமல் போயிடும். அப்போதான் ஸ்லாக்கா, ட்ரெல்லோவா என்ற கேள்வி வரும். இதே சிக்கலை செல்போனே இல்லாத காலத்தில் சந்தித்தவர் ஒரு காஞ்சிபுரத்துக்காரர்: அறிஞர் அண்ணா.

தறி வீட்டிலிருந்து பத்திரிகைக்கு

1909 செப்டம்பர் 15ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் சி.என்.அண்ணாதுரை. வீட்டுக் கஷ்டத்துக்காகக் கொஞ்ச காலம் காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படிப்பு, பெரியாரோடு இயக்கப் பணி. 1942ல் காஞ்சிபுரத்திலிருந்தே 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார்.

பொறுப்பைப் பகிர்ந்தார்

1949 செப்டம்பர் 17ல் தி.மு.க. பிறந்தது. தலைவர் நாற்காலியைப் பெரியாருக்காகக் காலியாக விட்டுவிட்டு, அண்ணா பொதுச்செயலாளர் ஆனார். 1950களின் நடுவில் அந்தப் பதவியையும் நெடுஞ்செழியனிடம் கொடுத்தார். இன்றைய பாஷையில் சொன்னா, அட்மின் உரிமையை ஒருத்தரே வச்சுக்கல.

எல்லாருக்கும் ஒரே கடிதம்

கிளைகள் பெருகின. ஒவ்வொரு ஊருக்கும் தலைவர் நேரில் போக முடியாது. 1955 முதல் 'தம்பி' என்று அழைத்து இதழில் கடிதம் எழுத ஆரம்பித்தார். ஒரு பிரதி வந்தால் போதும், படிப்பகத்தில் ஒருத்தர் வாசிக்க, பத்துப் பேர் கேட்பாங்க. தலைமை என்ன நினைக்குது என்பது கடைசித் தொண்டர் வரை ஒரே மாதிரி போய்ச் சேர்ந்தது.

முடிவுக்குத் தனி வழி

தேர்தலில் நிற்கலாமா? இந்தப் பெரிய கேள்விக்குக் கடிதம் போதாது. 1956 திருச்சி மாநாட்டில் பெட்டி வைத்து வாக்கெடுப்பு நடந்தது. நிற்கலாம் என்று 56,942 பேர், வேண்டாம் என்று 4,203 பேர். மறு வருஷம் 15 இடங்கள், 1962ல் 50 இடங்கள். 1967ல் ஆட்சியே கிடைத்து, அண்ணா முதலமைச்சர் ஆனார். 1969 பிப்ரவரி 3ல் மறைந்தார்.

எல்லாமே சரியாக நடந்ததா?

இல்லை. 1961ல் ஈ.வெ.கி.சம்பத் கட்சியை விட்டுப் பிரிந்தார். 1962ல் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். தகவல் சரியாகப் போய்ச் சேர்வதால் மட்டும் கருத்து வேறுபாடு தீர்ந்துவிடாது. எந்த ஆப்பும் அதைத் தீர்க்காது.

உங்க டீமுக்கு எது?

அறிவிப்புக்கு ஒரு வழி, முடிவுக்கு ஒரு வழி, அன்றாட வேலைக்கு ஒரு வழி என்று அண்ணா பிரித்து வைத்தார். ஆப் வாங்கும் முன் நீங்களும் ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க: உங்க டீமில் எது அடிக்கடி தொலையுது? பேச்சு தொலைந்தால் ஸ்லாக் மாதிரி சாட் ஆப். யார் எதை எப்போ முடிக்கணும் என்பது தொலைந்தால் ட்ரெல்லோ மாதிரி வேலைப் பலகை. முடிவுதான் இழுத்துக்கிட்டே போகுதுன்னா ஆப் தேடாதீங்க. முடிவெடுப்பது யார் என்று முதலில் பேசி முடிங்க.