தமிழிலே வைத்தியம் தந்த அமெரிக்க டாக்டர்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். முதலியார்பேட்டைப் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வார்? நாட்டு வைத்தியரிடம் போவார். அவர் சொல்வது புரியும். ஆஸ்பத்திரிக்குப் போனாலோ, நோயின் பெயரே பிரெஞ்சு மொழியில் இருக்கும்! புதுவையில் 1823-ல் ஏற்பட்ட வைத்தியப் பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சு. சென்னையில் 1835-ல் தொடங்கிய பள்ளியிலோ ஆங்கிலம்.

தமிழனுக்கு வந்த நோயைத் தமிழில் சொல்ல ஆள் இல்லையா?

ஒருவர் இருந்தார். கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவர் தமிழரே அல்ல, அமெரிக்கர்!

இளம் வயதில் வந்தார்

அவர்தான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன். 1822 அக்டோபர் 10-ந்தேதி மசாசூசெட்ஸ் மாகாணத்து ஊஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் டாக்டர் பட்டம் பெற்றார். இவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிரீன், நியூயார்க் மாநகரை உருவாக்கியதில் பெரும் பங்கு கொண்டவர். தம்பியும் அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் அமெரிக்க மிஷனில் சேர்ந்து, 1847-ல் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறி வந்துவிட்டார்.

மானிப்பாய் என்ற ஊரில் ஆஸ்பத்திரி வைத்தார். நோயாளிகள் வந்து குவிந்தார்கள். ஒரு டாக்டர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வைத்தியம் படிப்பித்தார்.

முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். மாணவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் படித்து முடித்ததும் சர்க்கார் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளி முன்பு இருந்த நிலையிலேயே இருந்தார்.

கிரீன் யோசித்தார். தமிழில் படித்தவன் தமிழர் நடுவில் தங்குவான். நோய் என்ன, எதனால் வந்தது என்று நோயாளிக்கு விளங்கச் சொல்வான் என்று முடிவு செய்தார். 1864-க்குப் பிறகு பாடம் தமிழுக்கு மாறியது. ஆங்கிலம் தெரிந்தால்தானே உத்தியோகம்! இதை விரும்பாதவர்களும் இருந்தார்கள். கிரீன் அசையவில்லை. மாணவர்கள் கோட்டும் பூட்சும் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் போல ஆவதும் அவருக்குப் பிடிக்காது.

சொல்லுக்கு எங்கே போவது?

பாடம் நடத்தப் புத்தகம் வேண்டுமே? அதற்காகக் கிரீன் தமிழ் கற்றார். மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்தார். இல்லையென்றால் வடமொழி. அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழாக்கிக்கொண்டார்.

காயங்களுக்கும் அறுவைக்கும் உரிய நூல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. டாக்டர்கள் இன்றும் போற்றும் 'கிரே' உடற்கூறு நூல், 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று வந்தது. ரசாயன நூலின் பெயர் என்ன தெரியுமா? 'கெமிஸ்தம்'! இன்று சிரிப்பு வரலாம். நாம் வேதியியல் என்கிறோம். ஆனால் சொல்லே இல்லாத இடத்தில் துணிந்து ஒரு சொல்லை நட்டவர் அவர்.

பிள்ளைப்பேறு பற்றி ஒரு நூல். மருந்துகள் பற்றி ஒரு நூல். இப்படி 4,000 பக்கங்களுக்கு மேல்! காலரா போன்றவை குறித்துப் பொதுமக்கள் படிக்கச் சிறு பிரசுரங்களும் எழுதினார். 60 பேருக்கு மேல் அவரிடம் படித்து வைத்தியர் ஆனார்கள்.

ஊருக்குப் போன பிறகும்

உடல்நலம் கெட்டது. 1873-ல் அவர் தாய்நாடு திரும்பினார். மானிப்பாயில் தமிழ் வழி வைத்தியப் படிப்பு அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆங்கிலம் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி மட்டும் மானிப்பாயில் இன்றும் இருக்கிறது.

கிரீன் ஓய்ந்து உட்காரவில்லை. தமிழ் பேச ஆள் இல்லாத ஊஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். உடல் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் 'மனுஷ சுகரணம்' 1883-ல் அச்சாகி வெளிவந்தது.

அடுத்த ஆண்டு, 1884 மே 28-ந்தேதி, டாக்டர் கிரீன் காலமானார். அப்போது அவருக்கு வயது 61.