விதிப்படிதான் அவுட் செய்தார்... பழி மட்டும் ஒட்டிக்கொண்டது ஏன்? - வினு மன்கட் கதை

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். ஐபிஎல் போட்டியில் 69 ரன்கள் எடுத்து வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார் ராஜஸ்தான் வீரர் ஜாஸ் பட்லர். பந்து வீச ஓடிவந்த பஞ்சாப் கேப்டன், நம்ம ஊர் அஸ்வின், பந்தை விடாமல் நின்றார். நான்-ஸ்ட்ரைக்கர் முனையில் கிரீஸைத் தாண்டியிருந்த பட்லரை அப்படியே ரன் அவுட் செய்தார். அன்றிரவு அஸ்வினை ஆதரித்தவர்களும் திட்டியவர்களும் சமூக வலைதளங்களில் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: மன்கட்.

அது ஒரு மனிதரின் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. யார் அவர்? அவர் செய்தது தப்பா?

யார் இந்த வினு மன்கட்?

1917 ஏப்ரல் 12 அன்று குஜராத்தின் ஜாம்நகரில் பிறந்தவர். முழுப்பெயர் முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட். 'வினு' என்பது சிறுவயதில் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர். இடதுகை சுழற்பந்து வீச்சாளர், வலதுகை தொடக்க ஆட்டக்காரர். இரண்டாம் உலகப்போர் காரணமாக டெஸ்ட் வாய்ப்பு தள்ளிப்போய், 1946-ல் 29 வயதில்தான் கிடைத்தது. அதன்பிறகு 44 டெஸ்ட்களில் 2,109 ரன்கள், 162 விக்கெட்டுகள். வெறும் 23 டெஸ்ட்களில் 1,000 ரன், 100 விக்கெட் என்ற இரட்டைச் சாதனையை எட்டினார்.

சென்னைக்கும் அவருக்கும் நல்ல ராசி. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தனது முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அதில் 12 விக்கெட்டுகள் மன்கட்டுக்கு. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக அதே சென்னையில் பங்கஜ் ராயுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள் குவித்தார். அதில் மன்கட்டின் பங்கு 231. அந்த உலக சாதனை 52 ஆண்டுகள் அசையவில்லை.

சிட்னியில் என்ன நடந்தது?

1947-ன் இறுதியில் சுதந்திர இந்தியாவின் அணி ஆஸ்திரேலியா சென்றது. நவம்பரில் சிட்னியில் நடந்த பயிற்சி ஆட்டத்தில், பந்து கையை விட்டுப் போகும் முன்பே தொடக்க வீரர் பில் பிரவுன் கிரீஸை விட்டு நகர்ந்தார். மன்கட் முதலில் எச்சரித்தார். பிரவுன் கேட்கவில்லை. மீண்டும் நகர்ந்தபோது ரன் அவுட் செய்தார்.

டிசம்பர் 13, அதே மைதானம், இரண்டாவது டெஸ்ட். அதே பிரவுன், அதே தவறு. இம்முறை எச்சரிக்கை இல்லை, நேராக ரன் அவுட். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் சில கொதித்தன. விளையாட்டு உணர்வு இல்லாத செயல் என்றன. ஆனால் எதிரணி கேப்டன் டான் பிராட்மேன், பின்னர் தனது சுயசரிதையில் மன்கட்டின் பக்கமே நின்றார். நான்-ஸ்ட்ரைக்கர் கிரீஸுக்குள் இருக்க வேண்டும் என்று விதியே சொல்லும்போது பந்துவீச்சாளரைக் குறைசொல்வது நியாயமில்லை என்பது அவர் வாதம்.

அதே தொடரில் மெல்போர்னில் மட்டும் மன்கட் இரண்டு சதங்கள் அடித்தார். ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது அந்த ரன் அவுட்டைத்தான். 'மன்கடிங்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

பேஸ்பாலில் இது எப்படி?

அமெரிக்காவின் பேஸ்பாலிலும் இதே காட்சி உண்டு. முதல் பேஸில் நிற்கும் ஓட்டக்காரர் அடுத்த பேஸை நோக்கிச் சில அடிகள் நகர்ந்து நிற்பார். பிட்ச்சர் சட்டென்று அந்த பேஸுக்கே பந்தை எறிந்து அவரை அவுட் செய்யப் பார்ப்பார். இதற்கு 'பிக்-ஆஃப்' என்று பெயர். யாரும் கோபப்பட மாட்டார்கள், அது ஒரு திறமை.

ஆனால் ஏமாற்றுவதற்கு அங்கே ஒரு எல்லை உண்டு. பேட்டருக்கு வீசுவதற்கான அசைவைத் தொடங்கிவிட்டு பாதியில் நிறுத்தக் கூடாது. முதல் பேஸுக்கு எறிவதென்றால் காலை அந்தத் திசையில் எடுத்துவைத்த பிறகே எறிய வேண்டும். மீறினால் அம்பயர் 'பால்க்' என்று அறிவிப்பார். பேஸில் நிற்கும் எல்லோரும் ஒரு பேஸ் முன்னேறலாம். அங்கே அம்பயர் பார்ப்பது பிட்ச்சரின் காலையும் கையையும்தான், அவர் நல்லவரா கெட்டவரா என்பதை அல்ல.

கிரிக்கெட்டிலும் விதி இதே மாதிரிதான். வழக்கமாகப் பந்தை விடும் கணம் வரைதான் பந்துவீச்சாளர் ரன் அவுட் செய்ய முடியும். கை உச்சியைத் தாண்டிய பிறகு ஸ்டம்பைத் தட்டினால் செல்லாது. நடுவர் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இங்கே கேள்வி பந்துவீச்சாளரின் குணத்தைப் பற்றியதாக மாறிவிட்டது. நகர்ந்து சாதகம் தேடிய பேட்ஸ்மேன் தப்பித்துக்கொள்ள, பழி பந்துவீச்சாளர் தலையில் விழுந்தது.

இப்போது விதி என்ன சொல்கிறது?

மன்கட் 1978 ஆகஸ்ட் 21 அன்று மும்பையில் 61 வயதில் காலமானார். அவர் பெயரை இப்படிப் பயன்படுத்துவதை சுனில் கவாஸ்கர் உள்ளிட்டோர் தொடர்ந்து எதிர்த்தார்கள். 2021-ல் ஐசிசி அவரை 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் சேர்த்தது.

2022 செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸில் தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை இதே முறையில் அவுட் செய்ய, மீண்டும் அதே சண்டை. இத்தனைக்கும், 1952-ல் மன்கட் ஒரே டெஸ்டில் 72, 184 ரன்கள் அடித்து 5 விக்கெட்டும் எடுத்த மைதானம் அது. சரியாக ஒரு வாரத்தில், அக்டோபர் 1 முதல், ஏற்கெனவே எம்சிசி அறிவித்திருந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. இந்த அவுட் 'நியாயமற்ற ஆட்டம்' பிரிவிலிருந்து 'ரன் அவுட்' பிரிவுக்கு மாற்றப்பட்டது.

ஸ்கோர் கார்டில் அன்றும் இன்றும் அது ரன் அவுட்தான். அடுத்த முறை இப்படி ஒரு அவுட்டைப் பார்த்தால், பந்துவீச்சாளரைத் திட்டும் முன், ரீப்ளேயில் பேட்ஸ்மேனின் மட்டை எங்கே இருந்தது என்று ஒருமுறை பாருங்கள்.