சிவப்பு விளக்கு எரிஞ்சா லேட்... ஆயில் பிரஷர் கேஜுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் யூஜின் போர்டன் யார்?

கார் சாவியைத் திருப்பினதும் டாஷ்போர்டில் ஆயில் கேன் மாதிரி ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிஞ்சு, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணையும். அணைஞ்சா எல்லாம் சரின்னு நம்பி ஓட்டுறோம். ஆனா அந்த விளக்குக்குத் தெரிஞ்சது இரண்டே விஷயம்தான்: பிரஷர் இருக்கு, இல்லை. பல கார்களில் ஆயில் பிரஷர் 5 முதல் 7 பி.எஸ்.ஐ அளவுக்குக் கீழே போனாதான் அது எரியும். சூடான இன்ஜின் ஹைவேயில் ஓடும்போது 40, 50 இருக்க வேண்டிய இடத்தில் 15தான் இருக்குன்னு வைங்க, விளக்கு வாயே திறக்காது. அது எரியும் நேரத்தில் கிராங்க் பேரிங் உரச ஆரம்பிச்சிருக்கும்.

அதனாலதான் பழைய கார் வச்சிருக்கிறவங்களும், டர்போ வண்டியை விரட்டி ஓட்டுறவங்களும் வெளிக்கடையில் தனியா ஒரு ஆயில் பிரஷர் கேஜ் வாங்கி மாட்டுறாங்க. அந்த கேஜ் மெக்கானிக்கல் வகையா இருந்தா, அதோட முகப்பைக் கழற்றிப் பாருங்க. உள்ளே ‘C’ எழுத்து மாதிரி வளைஞ்ச ஒரு பித்தளைக் குழாய் இருக்கும். அதைக் கண்டுபிடிச்சவர் கார் என்ற ஒன்றையே பார்க்காமல் 1884-ல் இறந்துபோன ஒரு பாரிஸ்காரர்.

யார் இந்த போர்டன்?

டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு ‘போர்டன் டியூப்’ என்ற பெயர் பரிச்சயம். யூஜின் போர்டன் 1808 ஏப்ரல் 8-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா பட்டு வியாபாரி. மகனும் கடையில் உட்காரணும் என்பதுதான் குடும்பத்தின் கணக்கு. ஜெர்மன் மொழி கத்துக்க இரண்டு வருஷம் நியூரம்பெர்க் நகருக்குக்கூட அனுப்பினாங்க. பையனுக்கோ கையெல்லாம் இயந்திரம் மேலதான். 1830-ல் அப்பா இறந்த பிறகு பட்டுத் தொழிலை விட்டுட்டு பட்டறைப் பக்கம் வந்துட்டார்.

1832-ல் அவர் செஞ்ச ஒரு பொருள் சுவாரசியமானது: கண்ணாடி சிலிண்டர் வச்ச நீராவி இன்ஜின் மாடல். உள்ளே பிஸ்டன் எப்படிப் போய் வருதுன்னு வெளியிலிருந்தே பார்க்கலாம். மறைஞ்சு நடக்கிறதைக் கண்ணுக்குக் காட்டணும் என்ற ஆசை அவருக்கு அப்பவே இருந்திருக்கு. 1835-ல் ஃபோபூர் டு டாம்ப்ள் தெருவில் சொந்தப் பட்டறை. அங்கே செயல்விளக்கத்துக்கான சின்ன நீராவி இன்ஜின்கள் மட்டுமே 200-க்கு மேல் செஞ்சார்.

பாய்லர் வெடிச்ச காலம்

அந்தக் காலத்து ரயில், கப்பல், ஆலை எல்லாமே பாய்லரை நம்பித்தான் ஓடின. உள்ளே அழுத்தம் எகிறினா பாய்லர் வெடிக்கும், பக்கத்தில் நிற்கிறவங்க உயிர் போகும். அப்போ அழுத்தத்தை அளக்க என்ன வழி? பாதரசக் குழாய். ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கே 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசம் வேணும். 6 மடங்கு அழுத்தம் அளக்க நாலரை மீட்டருக்கு மேல் குழாய் நிற்கணும். ஓடுற ரயில் இன்ஜினில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கண்ணாடிக் குழாயை எங்கே கட்டுறது?

இதுக்கு விடை கிடைச்சது ஒரு வேலை கெட்டுப்போனதால. நீராவி இன்ஜினுக்காக ஒரு சுருள் குழாய் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. வளைக்கும்போது குழாய் ஒரு பக்கமா நசுங்கிப்போச்சு. ஒரு முனையை அடைச்சு, மறுமுனையில் பம்ப் வச்சுத் தண்ணியை அழுத்தினா உப்பி பழைய உருண்டை வடிவத்துக்கு வந்துடும்னு போர்டன் கணக்குப் போட்டார். நசுங்கல் சரியாக ஆரம்பிச்சது. கூடவே இன்னொண்ணும் நடந்தது: சுருள் தானா பிரிஞ்சு நீண்டது! அழுத்தம் ஏற ஏற அதிகமா பிரிஞ்சது.

வேற ஆளா இருந்தா, சுருள் போச்சேன்னு தூக்கிப் போட்டிருப்பார். போர்டன் அந்த அசைவையே அளவுகோலாக்கினார். 1849 ஜூனில் பாதரசம் இல்லாத உலோக அழுத்தமானிக்குக் காப்புரிமை வாங்கிட்டார்.

சரி, இது எப்படி வேலை செய்யுது?

திருவிழாவில் பிள்ளைங்க ஊதுற சுருள் பீப்பியை நினைச்சுக்கோங்க. ஊதினா நீளும், விட்டா சுருண்டுக்கும். அதே கதைதான், காகிதத்துக்குப் பதில் உலோகம். தட்டையான குழாய்க்குள் அழுத்தம் நுழைஞ்சதும் அது உருண்டையாகப் பார்க்கும். அப்போ வளைவு கொஞ்சம் நிமிரும். அடைச்ச முனை நகர்றது சில மில்லிமீட்டர்தான். அந்தச் சின்ன அசைவை ஒரு இணைப்புக் கம்பியும் பல்சக்கரமும் பெருசாக்கி முள்ளைச் சுத்த வைக்கும். பேட்டரி வேண்டாம், வயர் வேண்டாம். வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டர் மேல இருக்கிற வட்ட மீட்டர்களுக்கு உள்ளேயும் பெரும்பாலும் இதே குழாய்தான்.

காரில் மாட்டும்போது என்ன நடக்குது?

ஒரு காலத்தில் பல கார்களின் டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் கேஜ் இருந்தது. பிறகு செலவு குறையுது, ஓட்டுறவங்களுக்குக் குழப்பமும் இல்லைன்னு பல கம்பெனிகள் முள்ளை எடுத்துட்டு விளக்கை வச்சாங்க. என்னைக் கேட்டா அது முன்னேற்றம் இல்லை.

திரும்ப மாட்டுறது பெரிய வித்தை இல்லை. இன்ஜின் பிளாக்கில் விளக்குக்கான ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும். அதைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு டீ ஜாயின்ட் போடுவாங்க. ஒரு கிளையில் பழைய சுவிட்ச், மறு கிளையில் புது கேஜுக்கான லைன். விளக்கைத் தூக்கி எறிஞ்சுட்டு கேஜ் மட்டும் வைக்காதீங்க. முள்ளை நாம எப்பவும் பார்த்துக்கிட்டே இருக்க மாட்டோம்.

தப்பு நடக்கிறது பெரும்பாலும் மரையில்தான். அமெரிக்க வண்டிக்கு ஒரு மரை, ஜப்பான் வண்டிக்கு வேற, ஜெர்மன் வண்டிக்கு இன்னொண்ணு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், முதல் இரண்டு சுத்து ஏறவும் ஏறும். அதுக்கு மேல பலமா முறுக்கினா பிளாக்கில் மரை போயிடும். அந்தச் செலவில் பத்து கேஜ் வாங்கலாம்!

மெக்கானிக்கல் கேஜ் என்றால் மெல்லிய செம்பு அல்லது நைலான் குழாய் வழியா சூடான ஆயிலே கேபினுக்குள்ள டாஷ்போர்டு வரைக்கும் வரும். குழாய் சைலன்சர் பக்கம் போகக்கூடாது. தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம், இல்லைன்னா அதிர்வில் அறுந்து காலில் ஆயில் கொட்டும். செம்புக் குழாய்க்கு நடுவில் ஒரு சுருள் விட்டால் அதிர்வைத் தாங்கும். இந்த பயமே வேண்டாம் என்றால் எலக்ட்ரிக் வகை இருக்கு. அதில் சென்சார் பிளாக்கிலேயே நின்னுடும், உள்ளே வர்றது வயர் மட்டும். ஒற்றை வயர் சென்சாருக்கு மரை வழியாத்தான் எர்த் கிடைக்கும். டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுத்தினா முள் தப்புக் காட்டும்.

மாட்டினதும் ஸ்டார்ட் பண்ணி, ஜாயின்ட்டில் கசிவு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சூடான பிறகு திரும்பப் பாருங்க. குளிர்ந்த இன்ஜினில் முள் மேலே நிற்கும், சூடானதும் இறங்கும், ஐடிலில் இன்னும் இறங்கும். இது இயல்பு. 1000 ஆர்.பி.எம்-க்கு சுமார் 10 பி.எஸ்.ஐ என்பது மெக்கானிக்குகள் சொல்ற பழைய தோராயக் கணக்கு. உங்க வண்டியின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

ஐடியா யாருடையது? கோர்ட் வரை போன சண்டை

போர்டன் கருவிக்கு வரவேற்பு வேகமா வந்தது. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் பதக்கம். 1852-ல் எட்வர்ட் ஆஷ்கிராஃப்ட் அமெரிக்காவுக்கான உரிமையை வாங்கிட்டார்.

ஆனா உள்ளூரில் ஒரு ஆள் கொதிச்சுப்போனார். லூசியன் வீடி. 1844-லேயே பாதரசம் இல்லாத காற்றழுத்தமானிக்குக் காப்புரிமை வாங்கினவர். காற்றை எடுத்துட்ட மெல்லிய உலோகப் பெட்டி அழுத்தத்துக்கு ஏற்ப அமுங்கும் என்பது அவர் வழி. உலோகத்தின் நெகிழ்ச்சியை வச்சு அழுத்தத்தை அளக்கிறது தன்னோட யோசனைன்னு வழக்குப் போட்டார். வருஷக்கணக்கா இழுத்த வழக்கில் கடைசியில் ஜெயிச்சது வீடி. போர்டன் நஷ்டஈடு கட்ட வேண்டியதாச்சு.

யார் பக்கம் நியாயம்? பெட்டி அமுங்குறதும் வளைஞ்ச குழாய் நிமிர்றதும் ஒண்ணு இல்லைன்னு இன்னைக்கு ஒரு மாணவர்கூட சொல்லிடுவார். ஆனாலும் பாதரசத்தை விட்டுட்டு உலோகத்தை நம்பலாம்னு வீடி முன்னாடியே காட்டியிருந்தார் என்பதையும் மறுக்க முடியாது.

கடைசி சோதனை

1872-ல் தொழிலை மகன் எட்வார்டிடம் கொடுத்துட்டு போர்டன் ஒதுங்கினார். ஒதுங்கினார்னு சொல்றது பேருக்குத்தான். அடுத்து அவர் பிடிச்சுக்கிட்டது காற்றின் வேகம். நடுவில் குறுகும் குழாய் வழியா காற்று போகும்போது அழுத்தம் மாறும். அதை வச்சு வேகத்தை அளக்க ஒரு கருவி செஞ்சார். 1884 செப்டம்பரில் அதைச் சோதிக்கும்போது கீழே விழுந்தார். செப்டம்பர் 29-ல் பாரிஸில் உயிர் பிரிந்தது. அப்போ அவருக்கு வயசு 76.